கூப்பிட்டால் வருவார்

மார்ச் 4

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பாதித் தெம்பு.

இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது பேனாவை எடுத்தால், காரியம் இல்லாமல் இருக்காது என்று உனக்குத் தெரியும். உன்னிடம் சுற்றி வளைத்துப் பேசி நான் ஜெயித்ததே கிடையாது. நேராகச் சொல்லிவிடுகிறேன். என்னைப் போலீஸ் தேடுகிறது.

ஒரு பெரிய துணிக்கடையின் லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் இருந்தது. மூன்றாம் மாடிக் கதவின் பூட்டு தேய்ந்துவிட்டது. பெட்டி வந்து நிற்காவிட்டாலும் கதவு திறந்துகொள்ளும். மாற்றவேண்டும் என்று கடை முதலாளியிடம் வாய் வலிக்கச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். “கூட்டம் குறையட்டும், பாத்துக்கலாம்” என்றார். கூட்டம் குறைகிற மாதிரி தெரியவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் லிஃப்டை நிறுத்தி, ‘இயங்காது’ என்று பலகை மாட்டி, மோட்டார் அறையைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மறுநாள் வெளியூரில் வேறு வேலை இருந்தது, போய்விட்டேன். முதலாளி பூட்டை உடைத்து லிஃப்டை ஓட்டியிருக்கிறார். கடைக் கணக்காளர் மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து, பெட்டி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்திருக்கிறார். நல்லவேளை, பெட்டி ஒரு மாடி கீழே நின்றிருந்தது. அதன் கூரைமேல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை.

முதலாளியின் புகார் வேறு மாதிரி. ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி நான் மிரட்டினேனாம். அவர் மசியவில்லை என்றதும் கதவுப் பூட்டைக் கெடுத்துவிட்டுச் சாவியோடு ஓடிவிட்டேனாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இப்போது மோட்டாருக்குக் கம்பி சுற்றும் என் பழைய கூட்டாளியின் வீட்டோடு சேர்ந்த பட்டறை மாடியில் இருக்கிறேன். கைபேசியை அணைத்துவைக்கச் சொல்லிவிட்டான். அதனால்தான் இந்தக் கடிதம். ஒரு வக்கீல் அம்மா எனக்காக முன்ஜாமீன் கேட்டிருக்கிறார். கிடைத்தால் இரண்டு பேர் ஜாமீன் நிற்கவேண்டும். சொந்த வீடோ நிலமோ உள்ளவர்களாக இருக்கவேண்டும். ஒருவன் இந்தக் கூட்டாளி. இன்னொருவரை யோசித்து யோசித்துப் பார்த்தேன். உன் அப்பா உனக்கு எழுதிவைத்த வீடுதான் நினைவுக்கு வந்தது. அப்புறம் நீ வந்தாய்.

முறையாகச் சொன்னால் முதலில் நீதான் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். எழுதியதை அடிக்கவில்லை, பொய் சொல்லக் கூடாது என்று.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மார்ச் 8

லிஃப்ட்காரருக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை. வரவில்லை, அதனால் போடவில்லை. நலமாக இருக்கிறேன்.

கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்து முடித்துவிட்டு, “இன்னும் படிக்கணுமாம்மா?” என்று கேட்டார். கீழே ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவு கவனம் எனக்கு.

முதலில் என் சந்தேகங்களைக் கேட்டுவிடுகிறேன். நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஒன்று புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பிடித்துக்கொண்டு போனவரை வெளியே விடுவது ஜாமீன். அது தெரியும். பிடிக்கவே இல்லாதவரை எப்படி விடுவது? பிள்ளை பிறக்குமுன்னே பேர் வைத்த கதையாக அல்லவா இருக்கிறது. பூட்டை உடைத்தது யார் என்று கடையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாதா? சாவியைக் கடை வாசலில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? தப்பு செய்யாதவர் ஏன் மாடியில் ஒளிந்திருக்கிறார்? மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று எனக்கு ஆயிரம் தரம் சொன்னவர் நீங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடித உறையில் இந்த ஊர் முத்திரைதான் இருக்கிறது. துணிக்கடையும் இந்த ஊர்தானே? எத்தனை மாதமாக இங்கே இருக்கிறீர்கள்? என் கடை இருக்கும் தெரு மாறவில்லை.

ஜாமீன் நிற்பது என்றால் என்ன என்று பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரைக் கேட்டேன். “கோர்ட்டு கூப்பிடுறப்பல்லாம் ஆளு வந்துருவாருன்னு நாம பொறுப்பு ஏத்துக்கணும்மா. ஓடிட்டா நம்ம தலைதான் உருளும்” என்றார். வேலைக்குப் போகிறேன், நாலு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர் நீங்கள். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. நீங்கள் ஓடமாட்டீர்கள் என்று சொல்ல ஊரில் உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? சிரிப்புத்தான் வந்தது. பிறகு கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நிற்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி


மார்ச் 12

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் வந்த அன்று பட்டறையில் மின்சாரம் இல்லை. ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. கதவிடுக்கில் வந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன்.

சாவியைக் கேட்டாய். கடையில் யாரிடம் கொடுத்தாலும் அது முதலாளி கைக்குத்தான் போகும். போனால் அடுத்த நிமிஷம் லிஃப்ட் ஓடும். அதனால் நிறுத்தியவன்தான் சாவியை வைத்திருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சாவி என் பையில் இருந்தால் லிஃப்டில் யாரும் சாகமாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்குவேன். இப்போது அதே சாவிதான் நான் மிரட்டினேன் என்பதற்குச் சாட்சியாம். வேலையாட்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர்கள் நாளைக்கும் அங்கேதான் வேலைக்குப் போகவேண்டும்.

ஒளிவதைப் பற்றிக் கேட்டாய். நானும் வக்கீல் அம்மாவிடம் அதையேதான் கேட்டேன். “நீங்க தப்பு செய்யலைன்னு கேஸ் முடியறப்ப தெரியும். அதுவரைக்கும் உள்ள இருந்துட்டு வந்தா, போன நாளை யார் திருப்பித் தருவா?” என்றார். பயம் என்றே எழுதிக்கொள். தெருவில் ஒரு வண்டி நின்றால் விளக்கை அணைத்துவிடுகிறேன். எத்தனையோ லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவன், ஸ்கூட்டர் சத்தத்துக்கு நடுங்குகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், ஜெயிலுக்குப் போகாமலிருக்க நானே என்னைப் பூட்டிவைத்திருக்கிறேன். கூட்டாளியின் மனைவி தினமும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, “கேஸ் எப்ப வருதாம்?” என்று கேட்கிறாள். எப்போது கிளம்புவீர்கள் என்று அதற்கு அர்த்தம். அவளைக் குற்றம் சொல்லமுடியாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள்.

கணக்காளரைப் போய்ப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் உறுத்துகிறது. தங்கமான மனிதர். எனக்குத் தேநீர் வாங்கித் தருவார். பலகையைக் கழற்றியது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. உன் தெரு வழியாக இரண்டு முறை போனேன். ஒருமுறை நீ ஒரு குழந்தைக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நின்றேன். பிறகு போய்விட்டேன். என்ன சொல்லி உள்ளே வருவது?

வழக்கு 19ஆம் தேதி வருகிறது.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மார்ச் 16

லிஃப்ட்காரருக்கு,

வீட்டுக்குப் போலீஸ் வந்தது. பதறவேண்டாம், ஒரே ஒரு ஏட்டுதான். உங்கள் அடையாள அட்டையில் இந்த முகவரிதான் இருக்கிறதாம். “அவர் இங்க இல்லை” என்றேன். “எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க” என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே உங்கள் பழைய செருப்பு கிடந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. செருப்பை எடுத்துத் தூசியை ஊதிக் காட்டினேன். தூசி என்றால் சாதாரணத் தூசி இல்லை, அவர் தும்மிவிட்டார். அதற்குமேல் தேடவில்லை.

கையிலிருந்த காகிதத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். “உங்களுக்கு வெள்ளெழுத்து, படிக்கக் கண்ணாடி வேணும், நாளைக்குக் கடைக்கு வாங்க” என்றேன். வந்துவிட்டார். நல்ல மனிதர். “நீங்க அவரைப் பிடிச்சா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். “விசாரிப்போம்.” “பிடிக்காம விசாரிக்க முடியாதா?” “முடியும். ஆனா பிடிச்சாத்தான் வேலை நடந்த மாதிரி இருக்கும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதால் கண்ணாடிச் சட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் இன்னொருவர் சிக்கினார். ஓய்வுபெற்ற அரசு வக்கீல், வருஷத்துக்கு ஒருமுறை கண் பார்க்க வருவார். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டால் ஆள் எழுந்து போகமுடியாது. எனக்கு அதுதான் வசதி. ஒவ்வொரு சில்லாக மாற்றிக்கொண்டே கேட்டேன். பிடிக்காதவரை எப்படி விடுவது?

“விடறதில்லைம்மா. தொடாதேன்னு சொல்றது. காலமெல்லாம் நான் அதை எதிர்த்து வாதாடினவன், எனக்குத் தெரியாதா? இது தெளிவா இருக்கு, முன்னாடி போட்டதுதான் மங்கல்.”

“அப்ப அவருக்கு விடுதலையைக் கோர்ட்டு கொடுக்கலையா?”

“அவன்கிட்ட இருக்கறதை யார் கொடுக்கறது? எடுக்க வர்றவனை, எதுக்கு எடுக்கறேன்னு கேக்கறாங்க, அவ்வளவுதான். சரியான காரணம் சொன்னா எடுத்துக்கலாம்.”

“அப்படின்னா நீங்க ஏன் எதிர்த்தீங்க?”

“ஓடிடுவான்னு எல்லாரைப் பத்தியும் சொல்லணும். அதுதான் என் உத்தியோகம். நிறைய பேர் ஓடலை” என்றார். கண்ணாடிக்கு அளவு எடுத்து முடித்தபின்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் எதிர்த்து உள்ளே போனவர்களை நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

கடையை மூடியபின் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். நீங்கள் என்னிடம் எத்தனையோ மறைத்திருக்கிறீர்கள். வேலையில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. நம் கல்யாணத்தன்றுகூட ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது என்று மாலையைக் கழற்றிவைத்துவிட்டுப் போனவர்தானே. என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்தாள். தேய்ந்த பூட்டோடு நீங்கள் ஒரு லிஃப்டை ஓடவிடமாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். ஆகவே ஜாமீன் நிற்கிறேன்.

இது லிஃப்ட் மெக்கானிக்குக்கு நிற்பது. புருஷனுக்கு இல்லை.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி


மார்ச் 20

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கிடைத்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அரசு வக்கீல், உன் வாடிக்கையாளர் சொன்ன மாதிரியே, “ஓடிடுவார்” என்றாராம். நீதிபதி, “கதவுப் பூட்டு பழுது என்று இவரே கடைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரே, கெடுக்க நினைப்பவர் எழுதியா கொடுப்பார்?” என்று கேட்டாராம். நேற்று ஜன்னலைத் திறந்தேன். எதிரே ஒரு சுவர்தான். அரைமணி நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

நிபந்தனைகள் உண்டு. திங்கட்கிழமைதோறும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. ஊரைவிட்டுப் போகக் கூடாது. சாட்சிகளை அணுகக் கூடாது, அதனால் கணக்காளரை இப்போதும் பார்க்கமுடியாது. இன்னொன்று இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் ஒருநாள் தாமதம்.

மனுவில் சொன்ன முகவரியிலேயே நான் குடியிருக்கவேண்டும். மனுவை எழுதிய குமாஸ்தா, அடையாள அட்டையைப் பார்த்து முகவரியை எழுதியிருக்கிறார். உன் வீட்டு முகவரி. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. திட்டம் போட்டுச் செய்தேன் என்று நினைக்காதே, அவ்வளவு மூளை எனக்கு இருந்தால் இந்த நிலைமைக்கு வந்திருக்கமாட்டேன்.

முகவரி தப்பு என்று இப்போது சொன்னால், கோர்ட்டுக்கே பொய் சொன்னவன் என்று அரசு வக்கீல் பிடித்துக்கொள்வார், உத்தரவே போனாலும் போகும் என்கிறார் வக்கீல் அம்மா. செவ்வாய்க்கிழமை ஜாமீன்தாரர்களை நீதிபதி விசாரிப்பார். உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்பாராம்: இவர் இந்த வீட்டில்தான் இருக்கிறாரா? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

முன்னறையில் படுத்துக்கொள்வேன். உன் வழிக்கே வரமாட்டேன். வழக்கு முடியும்வரைதான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. நானாக வரத் தெரியாத வீட்டுக்குக் கோர்ட்டே என்னைப் போகச் சொல்கிறதே என்று. புதன்கிழமை பெட்டியோடு வரட்டுமா?

இப்படிக்கு,
உன் லிஃப்ட்காரன்


மார்ச் 26

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நேற்று கோர்ட்டுக்குப் போய்வந்தேன். நீங்கள் வரத் தேவையில்லாத நாள் என்பதால் நடந்ததை நானே எழுதுகிறேன். உங்கள் கூட்டாளியும் வந்திருந்தார். வக்கீல் அம்மா சொல்வதற்குமுன் என் கையால் எழுதி அனுப்பவேண்டும் என்று தோன்றியது.

பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒருவர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் இன்னொருவருடைய காரியம் முடிந்துவிடுகிறது. ஒரு பெண்ணின் பிள்ளைக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. அவள் எழுந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். கதவு இருக்கும் பக்கத்தை நான்தான் காட்டினேன். இத்தனை நாள் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டவளுக்கு அதன்பிறகு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

கூட்டாளியை விசாரித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தார்கள். பிறகு நீதிபதி கேட்டார், “இவர் உங்க வீட்லதான் இருக்காரா?”

ஆமாம் என்று சொல்லத்தான் போனேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இன்று மாலை நீங்கள் பெட்டியோடு வந்திருப்பீர்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்தில் ஆசை செத்துப்போய்விடும் என்று யார் சொன்னது? ஆனால் கோர்ட்டு அனுப்பி வருகிறவர் எனக்கு வேண்டாம். வழக்கு முடிகிற அன்று நீங்கள் இருப்பீர்களா, போவீர்களா என்று தினமும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்கமுடியாது. உங்களை எதற்குப் பிடிக்கவேண்டும் என்று போலீஸைக் கேட்க ஒரு கோர்ட்டு இருக்கிறது. என் வீட்டுக்குள் ஒருவரை எதற்கு வைக்கவேண்டும் என்று நான்தானே கேட்டுக்கொள்ளவேண்டும்.

“இல்லைங்க” என்றேன்.

வக்கீல் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. என் ஒரு சொல்லால் உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தேன். அரசு வக்கீல் எழுந்து, முகவரியே பொய், இந்த ஆளை எப்படி நம்புவது என்றார். அடையாள அட்டையைப் பார்த்துக் குமாஸ்தா எழுதிய தப்பு, அவர் இப்போது இந்தக் கூட்டாளி வீட்டு மாடியில் இருக்கிறார் என்று நானே சொன்னேன். என்னைப் பேசவேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை.

“எத்தனை நாளா உங்ககூட இல்லை?”

“ரெண்டு வருஷமா இல்லைங்க.”

“அப்புறமும் ஜாமீன் நிக்கறீங்களா?”

“நிக்கறேங்க.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “ரெண்டு வருஷமா வீட்டுக்கே வராதவர், கோர்ட்டு கூப்பிட்டா வருவார்னு எப்படிம்மா சொல்றீங்க?”

“கோர்ட்டு கூப்பிடுது. நான் ஒருநாளும் கூப்பிடலைங்க” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது. நீங்கள் போன ஊர் தெரியும், வேலை செய்த இடம் தெரியும். தானாக வரட்டும் என்று இருந்துவிட்டேன். நீதிபதி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். முகவரியைக் கூட்டாளியின் வீட்டுக்கு மாற்றிவிட்டார். மற்றதெல்லாம் அப்படியே. உங்களை யாரும் பிடிக்கமாட்டார்கள். கூட்டாளியின் மனைவிக்கு மட்டும் செய்தியைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வழக்கு முடியும்வரை நான் உங்களுக்கு ஜாமீன். அதில் மாற்றமில்லை. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. நேற்றிலிருந்து குடைகிறது. இரண்டு வருஷத்தில் ஒருநாள் நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பீர்களா? கோபத்தில் கேட்கவில்லை. உங்களைத் திரும்ப அழைப்பதற்கும் இல்லை. தெரிந்துகொள்ள ஆசை.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி


ஏப்ரல் 2

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ஏட்டு புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். உன்னை விசாரித்தார். பிறகு தெருவில் வெகுநேரம் நடந்தேன், எங்கேயும் போகவேண்டும் என்று இல்லை. உன் தெருப் பக்கம் போகவில்லை.

முதலில் உன்மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று. வக்கீல் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். இரண்டு நாள் ஆயிற்று ஆறுவதற்கு.

உன் கேள்விக்குப் பதில் எழுதிக் கிழித்தேன், எழுதிக் கிழித்தேன். வந்திருப்பேன் என்று எழுதினால் நீ நம்புவாய். ஒருவேளை இப்போது கூப்பிடவும் கூப்பிடுவாய். ஆனால் கோர்ட்டில் எனக்காக நின்ற இடத்திலேயே நீ பொய் சொல்லவில்லை. நான் உன்னிடம் சொல்லக் கூடாது.

வந்திருக்கமாட்டேன். அடுத்த மாதம், இந்த வேலை முடியட்டும் என்று ஏதாவது எழுதியிருப்பேன். நீ கேட்டுக்கேட்டுக் களைத்துப்போயிருப்பாய். கூப்பிடாமல் இருந்தது உன் தப்பு இல்லை. அதை மட்டும் மனத்திலிருந்து எடுத்துவிடு.

வழக்கு எத்தனை வருஷம் ஆனாலும், கோர்ட்டு கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் போய் நிற்பேன். வருவேன் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்